வாபஸ் எழுதிய புரோகிராம்

என் தம்பிக்கு வீட்டில் முறையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்கமாட்டான். "வாபஸ்" என்றால்தான் திரும்புவான். அந்தப் பட்டத்தைக் கொடுத்தவள் நான். கொடுத்ததற்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவளுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு.

டீ கேட்பான். அம்மா தண்ணீர் கொதிக்க வைத்ததும், "இல்லம்மா, காபி" என்பான். அம்மா காபித்தூள் டப்பாவைத் திறந்ததும், "வேண்டாம்மா, டீயே குடு" என்பான். சட்டை வாங்கினால் மறுநாள் திருப்பிக் கொடுத்துவிடுவான். துணிக்கடைக்காரர் அவன் எடுத்த சட்டையை இரண்டு நாள் விற்றதாகவே எண்ணமாட்டார். வகிட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிச் சீவிக்கொண்டு பஸ் ஸ்டாப்வரை போய், அங்கிருந்து ஓடிவந்து பழையபடி சீவிக்கொண்டு போவான். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான். ஒருமுறை முதலாளியிடம் வீராப்பாக, "நான் வேலைலேர்ந்து நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். மறுநாள் காலையில் முதலாளிக்கு முன்னால் போய் ஷட்டரைத் தூக்கிவிட்டு நின்றான். முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கும் பழகிவிட்டது.

பேச்சில் இன்னும் மோசம். ஒன்றைச் சொல்வான், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பான், முகம் கொஞ்சம் அசைந்தாலே போதும், "இல்ல, நான் சும்மா சொன்னேன்" என்று சொன்னதை அள்ளிக்கொள்வான். படிக்கிற காலத்தில் கூடப் படித்த பெண்ணிடம், "உங்க கையெழுத்து அழகா இருக்கு" என்று சொல்லிவிட்டானாம். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். உடனே இவன், "பொதுவாவே எல்லார் கையெழுத்தும் அழகாத்தான் இருக்கு" என்றானாம். இதை அவனே வந்து என்னிடம் சொன்னான். அன்றைக்கு நான் அவன் தலையில் வைத்த குட்டு இன்னும் என் விரலில் வலிக்கிறது.

ஆனால் இந்தக் குணத்துக்கும் ஒரு வேலை வாய்த்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வருகிறேன்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு உதவியாளாக இருக்கிறேன். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சிமெண்ட் குழைப்பது, பெரிய மனிதர்களைப் பார்த்து, "வாய நல்லாத் தொறங்க" என்று அதட்டுவது, எல்லாம் என் வேலை. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. முன்பக்கம் வரவேற்பு மேசை. அங்கே ஒரு பெண் இருக்கிறாள். வருகிறவர்களுக்கு எண் கொடுத்து வரிசையாகக் கூப்பிடுவதால் டாக்டரம்மா அவளை "டோக்கன்" என்று கூப்பிட ஆரம்பித்தார், எல்லோருக்கும் அதுவே நிலைத்துவிட்டது. சிரிக்காமல் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத பெண். பல்வலியோடு வருகிறவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. அவளைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் பாதி வலியோடுதான் வருவார்கள்.

யார் எப்போது வருகிறார்கள், யாருக்கு எந்தப் பல், என்ன செய்தோம் என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு புரோகிராம் வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, "என் தம்பி எழுதுவான்" என்று நான் முந்திக்கொண்டேன். எழுதியும் கொடுத்தான். வீட்டில் இருக்கும் அவனுடைய பழைய குண்டு மானிட்டரில் உட்கார்ந்து, அந்தத் திரைக்கு அளவெடுத்துத் தைத்தது போல ஒவ்வொரு பொத்தானையும் ஒவ்வொரு கட்டத்தையும் வைத்தான். ஆஸ்பத்திரியிலும் அதே மாதிரி ஒரு குண்டு மானிட்டர்தான் இருந்தது. எல்லாம் சுகமாகப் போயிற்று.

அப்புறம் டாக்டரம்மா புது மானிட்டர் வாங்கினார். மேசையில் பாதியை அடைத்துக்கொள்ளும் தட்டையான மானிட்டர். மறுநாள் வரப்போகிறவர்களின் பல் எக்ஸ்ரேக்களைச் சாயங்காலம் அதில் போட்டு, வேரின் நுனிவரை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. எக்ஸ்ரே பிரமாதமாகத் தெரிந்தது. தம்பியின் புரோகிராம்தான் திரையின் ஒரு மூலையில் தபால்தலை அளவுக்குச் சுருங்கி உட்கார்ந்திருந்தது.

டோக்கன் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து படித்தாள். "அக்கா, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. யாரு பேருன்னே தெரியல. இப்பத்தான் ஒரு தாத்தாவ மேடம்னு கூப்பிட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். தாத்தா பின்னால் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்.

தம்பியை வரவழைத்தேன். அவன் பார்த்த மாத்திரத்தில், "ரெசல்யூஷன்" என்றான். எனக்கு விளங்கும்படி சொல்லு என்றேன். திரை என்பது ஒரு தரை மாதிரியாம். அதில் புள்ளிகளை ஓடு பதிப்பது போலப் பதித்திருக்கிறார்களாம். பெரிய ஓடு பதித்தால் கொஞ்சம்தான் பிடிக்கும், சின்ன ஓடு என்றால் நிறையப் பிடிக்கும். இவன் தன் புரோகிராமை இத்தனை ஓடு அகலம் என்று கணக்குப் பண்ணி எழுதிவிட்டான். புது மானிட்டரில் ஓடுகள் சின்னச் சின்னதாக, ஏராளமாக இருக்கின்றன. அதனால் புரோகிராம் மூலையில் முடங்கிவிட்டது. எக்ஸ்ரேக்கு அந்தச் சின்ன ஓடு வேண்டும், அப்போதுதான் நுணுக்கம் தெரியும். டோக்கனுக்கோ பெரிய ஓடு வேண்டும், அப்போதுதான் தாத்தா தாத்தாவாகத் தெரிவார்.

"புரோகிராம் தொறக்கறப்ப அதுவே ஸ்கிரீன பெருசா மாத்திக்கட்டும். மூடறப்ப பழையபடி வச்சிட்டுப் போகட்டும்" என்றான் தம்பி.

"மாத்தினத ஒழுங்கா திருப்பி வைக்குமா?" என்று டாக்டரம்மா சந்தேகமாகக் கேட்டார்.

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தட்டு ஆடியது. திருப்பி வைப்பதா? உலகத்தில் அதற்கென்றே பிறந்த ஒரே ஆள் இதோ நிற்கிறானே!

முதல் முயற்சி மண்ணைக் கவ்வியது. அவன் புரோகிராமைத் திறந்ததும் திரை முழுக்க இருண்டுபோய், இந்த அளவு என்னால் முடியாது என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி மட்டும் கறுப்பில் மிதந்தது. டோக்கன் கைதட்டினாள். அவளுக்கு எல்லாமே வேடிக்கைதான். தம்பி காது சிவந்து, "உன்னால எந்தெந்த அளவு முடியும்னு மொதல்ல மானிட்டர்கிட்ட கேக்கணும். நான் கேக்காமலே கட்டளை போட்டுட்டேன்" என்றான். அடுத்த நாள் கேட்டுவிட்டுப் போட்டான். திரை ஒருமுறை கண்சிமிட்டி, எழுத்தெல்லாம் கொழுகொழுவென்று பெரிதாகி நின்றது. புரோகிராமை மூடினான். மறுபடி ஒரு சிமிட்டல். எல்லாம் பழையபடி.

"நாம போன வீட்ல நாற்காலிய நகத்திப் போட்டு உக்காந்தா, கெளம்பறப்ப எடுத்த எடத்துல வச்சிட்டு வரணும். புரோகிராமும் அப்பிடித்தான்ங்க" என்று டோக்கனிடம் விளக்கினான். "தொறந்த ஒடனே ஸ்கிரீன் எப்படி இருக்குன்னு பாத்து ஞாபகம் வச்சுக்கும். போறப்ப அதையே வச்சிட்டுப் போயிடும்."

"எவ்ளோ நல்ல புள்ள!" என்றாள் டோக்கன். புரோகிராமைச் சொன்னாளா, இவனைச் சொன்னாளா என்று எனக்குப் புரியவில்லை. இவனுக்கும் புரியவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான்.

அதற்கு மறுநாள்தான் கூத்து தொடங்கியது.

சாயங்காலம் டோக்கன் புரோகிராமை மூடிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டாக்டரம்மா வந்து உட்கார்ந்து எக்ஸ்ரேயைத் திறந்தார். தாடையில் பாதி திரைக்கு வெளியே போயிருந்தது. மீதிப் பாதி மங்கலாக, பூதாகரமாக நின்றது. "ஏம்மா, உன் தம்பி பல்லக் காட்டறான், வேரக் காட்ட மாட்டேங்கறான்!" என்று கத்தினார். புரோகிராம் மூடிக் கிடக்கிறது, திரை மட்டும் பெரிய எழுத்திலேயே நிற்கிறது.

தம்பி கடையிலிருந்து நேராக ஓடிவந்தான். திரையைப் பழைய அளவுக்கு மாற்றிவிட்டு, புரோகிராமைத் திறந்தான், மூடினான். சரியாக இருந்தது. திறந்தான், மூடினான். சரியாக இருந்தது. இருபது தடவை செய்திருப்பான், கண்சிமிட்டிக் கண்சிமிட்டி மானிட்டருக்கே தூக்கம் வந்திருக்கும். ஒரு தப்பும் இல்லை. போனான். மறுநாள் சாயங்காலம் அதே கதை. அதற்கும் மறுநாள் அதே.

டாக்டரம்மாவுக்குக் கம்ப்யூட்டரின் செட்டிங்ஸுக்குள் போய்த் திரையின் அளவை மாற்றத் தெரியாதா என்றால், தெரியும். தினமும் நான் ஏன் மாற்ற வேண்டும் என்பது அவர் கேள்வி. நியாயம்தான். அந்த நியாயத்தையெல்லாம் அவர் என் தலையில் இறக்கியதுதான் அநியாயம். வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளிகளுக்கு முன்னால், "ஒங்க குடும்பமே இப்படித்தானா?" என்பார். நோயாளி பாவம், தன்னைக் கேட்கிறார் என்று நினைத்து, "ஆங்?" என்பார்.

தம்பி தினமும் சாயங்காலம் வர ஆரம்பித்தான். வயரைச் சந்தேகப்பட்டான். மானிட்டரைச் சந்தேகப்பட்டான். மின்சாரத்தைச் சந்தேகப்பட்டான். டோக்கன் அவனுக்கென்று ஒரு ஸ்டூலைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஏதோ அதிலிருந்து இப்போது ஒரு யானை வெளியே வரப்போகிறது என்பது போல.

"இன்னிக்கு வருமா சார்?" என்பாள் டோக்கன்.

"நான் இருக்கறப்ப வராதுங்க. நான் போனப்பறம்தான் வருது."

"ஒங்களப் பாத்து பயப்படுது போல!"

அதற்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு இன்னொரு சிரிப்பு. உள்ளே நான் சிமெண்ட் குழைத்துக்கொண்டே பற்களைக் கடிப்பேன். பல் ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

இவனிடம் மாறுதல் தெரிந்தது. ஒரு நீலச் சட்டை வாங்கினான், திருப்பிக் கொடுக்கவில்லை. நாலு நாள் கழித்தும் அது கொடியில் தொங்குவதைப் பார்த்து அம்மா பயந்துபோய், "டேய், ஒடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். துணிக்கடைக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "தம்பி ஊர்ல இல்லையா?" என்று விசாரித்தார். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு புதன்கிழமையன்று டாக்டரம்மா கெடு வைத்தார். "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா, இந்தப் புரோகிராமே வேண்டாம். வெளிய ஒரு கம்பெனில வாங்கிப் போட்டுக்கறேன்." அதைக் கேட்டு டோக்கன் சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் நான் பார்த்த முதல் நிமிஷம் அதுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் விடை கிடைத்தது. கொடுத்தது ஃபேன்.

எங்கள் வீட்டில் இவன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கூடத்துக்கு வருகிறவர் ஃபேனை எந்த வேகத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், போகும்போது வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி வைத்துவிட்டுப் போக வேண்டும். இதற்காக இவன் எங்களோடு போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் எனக்கும் அம்மாவுக்கும் கையே அப்படிப் பழகிவிட்டது. அன்று அம்மா கூடத்துக்கு வந்தாள். ஃபேன் மெதுவாகச் சுற்றியது. வேகமாக வைத்துவிட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். பிறகு நான் வந்தேன். வேகமாகச் சுற்றுகிறது, சரி என்று உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டேன். அம்மா முதலில் எழுந்தாள், தான் வந்தபோது இருந்தபடி மெதுவாக வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் நான் எழுந்தேன், நான் வந்தபோது இருந்தபடி வேகமாக வைத்துவிட்டுப் போனேன்.

தம்பி குளித்துவிட்டு வந்து பார்க்கிறான். ஆளில்லாத கூடத்தில் ஃபேன் பேயாகச் சுற்றுகிறது. ஆணியில் மாட்டிய காலண்டர் சுவரில் படபடவென்று அடிக்கிறது.

"யாரு இப்பிடி விட்டுட்டுப் போனது?"

"நான் வந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடித்தான் வச்சேன்" என்றேன் நான்.

"நானும் அப்பிடித்தான் வச்சேன்" என்றாள் அம்மா.

இவன் துண்டோடு ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் ஒரு குதி குதித்தான். "ரெண்டு பேரு! அக்கா, ரெண்டு பேரு! ஆஸ்பத்திரில புரோகிராம ஒரு தடவ தொறந்து வச்சிட்டு, மூடாமலே இன்னொரு தடவ தொறந்திருக்காங்க! மொதல்ல தொறந்தது சின்னத ஞாபகம் வச்சுக்கிட்டு பெருசாக்குது. ரெண்டாவது வரப்ப ஸ்கிரீன் ஏற்கெனவே பெருசா இருக்கு, அதுதான் பழசுன்னு நெனச்சுக்குது! மொதல்ல வந்தது மொதல்ல போனா, கடைசியாப் போற ரெண்டாவது, பெருசா வச்சிட்டுப் போயிடும்!" அம்மாவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். கீரை எல்லாம் பறந்தது. "ரெண்டுமே யோக்கியம்க்கா! ரெண்டு பேருமே ஒழுங்கா திருப்பி வச்சிருக்காங்க, அதான் தப்பாப் போச்சு!"

திருத்துவது சுலபமாம். தொடங்கும்போதே, நான் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேனா என்று புரோகிராம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடினால் இரண்டாவதாகத் திறக்காமல், இருப்பதையே முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். குண்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்து அரைமணியில் எழுதி முடித்தான். முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னடா, கண்டுபிடிச்சாச்சுல்ல? சந்தோஷப்படேன்."

"சரி பண்ணலேன்னா புரோகிராமத் தூக்கிப் போட்டுடுவாங்க. சரி பண்ணிட்டா அங்க எனக்கு வேலை இல்ல" என்றான். "எப்படிப் பாத்தாலும் நாளையோட முடிஞ்சுது, அக்கா."

இவனைப் பெற்ற வீட்டில் நானும் பிறந்தேனே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அப்ப வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்டா! ஒன்னோட பேசணும்னுதான் வரேன்னு சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொல்லிட்டு, அவங்க மொகம் மாறிடுச்சுன்னா? சொன்னத எப்பிடிக்கா திருப்பி எடுத்து வைக்கிறது?"

கிண்டல் பண்ணிப் பண்ணியே வளர்த்துவிட்டோம், உள்ளே இவ்வளவு பயம் இருந்திருக்கிறது. பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும் கோபம் தீரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வந்தான். நீலச் சட்டை. உள்ளே நாற்காலியில் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டுக்கொண்டு, மரத்துப் போவதற்காகக் காத்திருந்தார். அவருக்கு வைக்க வேண்டிய பஞ்சு உருளைகள் என் கையில் இருந்தன. சண்டையோ சமாதானமோ கண்ணால் பார்க்காமல் விடக்கூடாது என்று நானும் டாக்டரம்மாவும் வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டோம். ஹெட்மாஸ்டரும் கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து வாசலில் வந்து நின்றுகொண்டார். அவருக்கும் பொழுது போக வேண்டாமா?

தம்பி புதுப் புரோகிராமைப் போட்டான். திறந்தான், எழுத்து பெரிதாயிற்று. "இப்ப நீங்க இன்னொரு தடவ தொறந்து பாருங்க" என்று டோக்கனிடம் சொன்னான்.

அவள் அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை, இருந்ததே முன்னால் வந்து நின்றது. மறுபடி அமுக்கினாள். அதே.

"இனிமே ரெண்டு தொறக்காதா சார்?"

"தொறக்காதுங்க."

"எத்தன தடவ அமுக்கினாலும்?"

"எத்தன தடவ அமுக்கினாலும்."

தம்பி மூடிக் காட்டினான். திரை சிமிட்டிச் சின்னதாயிற்று. டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் திறந்து, வேர் நுனியைப் பார்த்து, "அப்பாடா!" என்றார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. அவன் தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான்.

டோக்கன் உதட்டைக் கடித்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எதுக்கும்மா இப்ப அழற?" என்றார் டாக்டரம்மா.

"நான்தான் டாக்டரம்மா" என்றாள். "மொத நாள் தெரியாம ரெண்டு தடவ அமுக்கிட்டேன். மறுநாளே தெரிஞ்சு போச்சு, ரெண்டாவதா தொறந்தத கடைசியா மூடினா எழுத்து பெருசாவே நின்னுடும்னு. அதுக்கப்பறம் தெனமும் வேணும்னேதான் பண்ணேன்."

"வேணும்னேவா? எனக்கு வேரு தெரியாமப் போறதுக்கா?"

"இல்ல... தப்பு கெடைக்கற வரைக்கும் சார் வருவாருல்ல." சொல்லிவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள்ளே சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் மரத்துப்போன வாயால், "ஓல்லுப்பா, ஓல்லு!" என்று தம்பியைப் பார்த்துக் கையை ஆட்டினார். சொல்லுப்பா என்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

தம்பியின் காது, கழுத்து, எல்லாம் சிவந்துவிட்டது. "நாளைக்கும் வரட்டுமா?" என்றான். "புரோகிராமுக்கு இல்ல. ஒங்களப் பாக்க."

சொல்லிவிட்டான்! என் தம்பி, ஒரு முழு வாக்கியம், பொதுவாக எல்லோரையும் என்று சேர்க்காமல், ஒரே ஒருத்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டான். எனக்கு அங்கேயே ஆட வேண்டும் போல இருந்தது. டோக்கன் கையை விலக்கி அவனைப் பார்த்தாள். ஆச்சரியத்தில் அவள் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. அதை இவன் பார்த்துவிட்டான். அவன் முகத்தில் அந்தப் பழைய கலவரம் ஏறுவதும், வாய் திறப்பதும் எனக்குத் தெரிந்தது.

"இல்ல, நான் சும்மா—"

அதற்குமேல் நான் விடவில்லை. கையிலிருந்த பஞ்சு உருளைகளை அவன் வாயில் திணித்தேன். இடது கன்னத்தில் இரண்டு, வலது கன்னத்தில் இரண்டு, நாக்குக்கு அடியில் ஒன்று. அத்தனை வருஷம் அடுத்தவர் வாயில் வைத்துப் பழகிய கை, கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. "வாய மூடிக் கடிச்சுக்கோ" என்றேன். தொழில் பழக்கம், வேறு என்ன சொல்ல? இரண்டு கன்னமும் உப்பிக்கொண்டு, முழி பிதுங்க நின்றான். டாக்டரம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹெட்மாஸ்டருக்குச் சிரிக்கவும் முடியவில்லை, எச்சிலை நிறுத்தவும் முடியவில்லை.

டோக்கன் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிதானமாக, அவனை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "நாளைக்கு ஞாயித்துக்கெழமை. ஆஸ்பத்திரி லீவு." அவன் தோள் தளர்ந்தது. "வீட்டுக்கு வாங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மொத சந்து, பச்சை கேட். அம்மாகிட்ட ஏற்கெனவே சொல்லி வச்சிருக்கேன்."

நான் பதறிக்கொண்டு அவனையே பார்த்தேன். என் கை அவன் வாயைவிட்டு எப்போதோ விலகியிருந்தது. அவன் கைகள் இரண்டும் சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தன. பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, சொன்னதைத் திருப்பிக்கொள்ள அவனுக்கு வேண்டிய அளவு நேரம் இருந்தது. அவன் எடுக்கவில்லை. உப்பிய கன்னத்தோடு தலையை மட்டும் ஆட்டினான், மறுபடியும் ஆட்டினான், வீடு போய்ச் சேரும்வரை பஞ்சை வாயிலேயே வைத்திருந்தான்.